ஃபார்மெட் செய்த டிஸ்க்கிலிருந்து திரும்பி வந்த முகங்கள்

தேனி மாவட்டம் கூடலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ஸ்கேன், பிரிண்ட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாமே நடக்கும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள். விடியுமுன்னே ஜீப் ஏறிக் குமுளி வழியாகக் கேரளத்துக்குள் போவார்கள், சாயங்காலம் இறங்கியதும் கடைக்கு வருவார்கள். ரேஷன் கார்டு இந்தப் பக்கம். சம்பளம் விழுகிற வங்கிக் கணக்கு சிலருக்கு அந்தப் பக்கம். அதனால் ஒரே விண்ணப்பத்துக்கு இரண்டு மாநிலத்துக் காகிதமும் வேண்டியிருக்கும். ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், கணவரின் இறப்புச் சான்றிதழ் என்று எல்லாம் என் கம்ப்யூட்டரில் ஏறும்.

2018இல் அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் 19ஆம் பதிப்பைப் போட்டேன். அதற்கு முன் வாரத்துக்கு ஒரு வைரஸ். போட்டபின் ஒன்றும் இல்லை. லினக்ஸ் இருக்கிறது, இனிப் பயமில்லை என்று ஆறு வருடம் நம்பியிருந்தேன். அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது 2023 ஏப்ரலோடு நின்றுவிட்டது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

2024 கடைசியில் கம்ப்யூட்டர் ரொம்பவே மெதுவாகிவிட்டது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்து, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடச் சொன்னேன். பழைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துவிடுகிறோம் என்றார்கள். சரி என்றேன். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அந்த டிஸ்க்கில் இருந்ததெல்லாம் யாருடைய காகிதம்? காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். டிஸ்க்கை ஃபார்மெட் செய்து விற்பனைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். கழித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாங்கி வந்தேன். ‘எல்லாம் அழிச்சாச்சு அண்ணே, ஒண்ணும் இருக்காது’ என்றார் அங்கிருந்த பையன்.

இருக்கிறதா என்று நானே பார்த்தேன். ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கில் என்ன ஃபைல் இருக்கிறது என்ற பட்டியலை அது பார்ப்பதில்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படித்து, ஒரு படமோ பிடிஎஃப்போ தொடங்குகிற அடையாளம் தெரிந்த இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். சாதாரண ஃபார்மெட் அந்தப் பட்டியலைத்தான் புதிதாக்குகிறது. உள்ளே இருப்பது, அதன்மேல் வேறு எதையாவது எழுதுகிற வரைக்கும் அப்படியே கிடக்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஃபோல்டர் ஃபோல்டராக வந்து விழ ஆரம்பித்தது. எதிர்த் தெரு அக்காவின் ஆதார். இரண்டு வருடம் முன்பு இறந்துபோன ஒரு பெரியவரின் ஓய்வூதிய விண்ணப்பம், கைரேகையோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போட்டோ. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்ன செய்தியைப் படித்தவன்தான் நான். அதற்கும் என் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கும் சம்பந்தம் உண்டு என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

லாகின் பாஸ்வேர்ட் இருக்குமே என்று கேட்பீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அந்த பாஸ்வேர்டை யாரும் கேட்கப்போவதில்லை. டிஸ்க்கையே பூட்ட வேண்டும், அதாவது திறவுச்சொல் இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி மாற்றிவைக்க வேண்டும்.

அந்த வாரம் அக்கா மகள் வண்டிப்பெரியாற்றிலிருந்து வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். கேரள அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில்தான் என்பதால், கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் டெர்மினல் என்றால் அவளுக்குப் பயம் கிடையாது. இருவரும் சேர்ந்து மின்ட் 22 இறக்கினோம். இறக்கியதும் போடலாம் என்றேன். ‘இருங்க மாமா, சரி பாக்கணும்’ என்றாள். 2016 பிப்ரவரி 20 அன்று ஹேக்கர்கள் மின்ட்டின் இணையதளத்தையே உடைத்து, ரகசியமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ ஃபைலுக்கு (நிறுவுவதற்காக இறக்கும் ஃபைல்) ஆட்களைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அதனால் இறக்கிய ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண்ணைக் கணக்கிட்டு, வெளியிட்டவர்கள் தந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். அந்த எண்ணும் அதே தளத்தில்தான் இருக்கிறது, தளத்தை மாற்றியவன் எண்ணையும் மாற்றியிருக்கலாம் அல்லவா? அதற்காக எண்கள் இருக்கும் ஃபைலில் வெளியிட்டவர்கள் போட்ட ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையெழுத்தையும் சரி பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பத்து நிமிட வேலை.

நிறுவும்போது ‘டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு’ என்ற இடத்தில் ‘கூடுதல் வசதிகள்’ என்று ஒரு பட்டன் வரும். அதற்குள் எல்விஎம் (டிஸ்க்கின் பகுதிகளை நிர்வகிக்கும் முறை) என்பதையும், அதன் கீழே பூட்டுக்கான என்கிரிப்ஷனையும் டிக் செய்ய வேண்டும். லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டும் இந்த முறைக்கு லக்ஸ் என்று பெயர். ஏற்கெனவே ஓடுகிற சிஸ்டத்தில் பின்னால் இதைச் சேர்ப்பது பெரும்பாடு. புதிதாக நிறுவும்போதே செய்துவிடுவது நல்லது.

திறவுச்சொல்லைத் தமிழிலேயே வைக்க ஆசைப்பட்டேன். தமிழ்99 விசைப்பலகையில் வேகமாக அடிப்பேன். ஆனால் பூட்டைத் திறக்கச் சொல்லும் திரை சிஸ்டம் முழுதாக எழுமுன்பே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் தமிழ்த் தட்டச்சு ஓடாது. ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும். வீட்டிலிருந்த லூடோ பகடையை எடுத்தோம். ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்க எண் கிடைக்கும். இணைய உரிமைகளுக்காக இயங்கும் இஎஃப்எஃப் அமைப்பு வெளியிட்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு ஒரு சொல் உண்டு. மொத்தம் 7776 சொல். இப்படி ஆறு சொல் எடுத்தோம். எத்தனை விதமாக அமையலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்: 22 எழுதி, அதன்பின் 22 சைபர். போதாததற்கு லக்ஸின் இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு முயற்சிக்கும் வேண்டுமென்றே நேரத்தையும் நினைவகத்தையும் நிறைய எடுத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டரை வைத்துப் படபடவென்று சொல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க முடியாது. மகள் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைப்பவர்கள் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

அந்த ஆறு ஆங்கிலச் சொல்லும் என் வாயில் நுழைய ஒரு வாரம் ஆனது. காகிதத்தில் எழுதி, வீட்டுப் பட்டாவோடு பீரோவில் வைத்தேன். லக்ஸ் பூட்டின் தலைப்பகுதி, டிஸ்க்கில் பூட்டிய பகுதியின் ஆரம்பத்தில் 16 எம்பி அளவில் இருக்கும். அது கெட்டுப்போனால் சரியான சொல் தெரிந்தாலும் டிஸ்க் திறக்காது. அதையும் நகலெடுத்து ஒரு பென் டிரைவில் அக்கா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். இந்தப் பூட்டு கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதுதான் பூட்டு. முன்பு இரவில் சஸ்பெண்ட் செய்துவிட்டு, அதாவது அணைக்காமல் தூங்க வைத்துவிட்டுக் கிளம்புவேன், இப்போது முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் ஷட்டர் இறக்குகிறேன். கரண்ட் போய் வந்தால் பத்துப் பேர் காத்திருக்க ஆறு சொல்லையும் அடிக்க வேண்டியிருக்கிறது. அதற்காக யுபிஎஸ் பேட்டரியை மாற்றினேன்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் மின்ட்டில் இருக்கும், ஆனால் ஆன் ஆகியிருக்காது. நாம்தான் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்ததும் உள்ளே வருகிற இணைப்பெல்லாம் நின்றது, இன்னொரு கம்ப்யூட்டரோடு பகிர்ந்திருந்த ஃபோல்டரும் சேர்ந்து நின்றது. கடையின் உள் நெட்வொர்க்குக்கு மட்டும், அந்த ஃபோல்டருக்கான வாசலை (போர்ட்) திறந்துவிட்டேன். அப்டேட்டைத் தானாகவே போட்டுக்கொள்ளும்படி வைத்தேன். ரவுட்டரில் வாடிக்கையாளர்களுக்குத் தனி வைஃபை. ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின். அதை மூடினால், இணையதளங்கள் விட்டுப்போகும் குக்கீ என்ற தடயங்கள் அழியும்படி ஒரு டிக்.

தாங்களே உட்கார்ந்து மெயில் பார்க்கிறவர்களுக்காக கெஸ்ட் லாகினைத் திறந்தேன். லாக் அவுட் செய்ததும் அவர்கள் விட்டுப்போன வாட்ஸ்அப் வெப் உட்பட எல்லாம் போய்விடும். அதை மட்டும் நம்பாமல் என் ஹோம் ஃபோல்டரின் அனுமதியை 700 ஆக்கினேன், என்னைத் தவிர வேறு கணக்கில் இருப்பவர் உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி. பென் டிரைவ் வைரஸ் லினக்ஸில் ஓடாவிட்டாலும் ஒருவர் டிரைவிலிருந்து அடுத்தவர் டிரைவுக்குப் போய்ச் சேரும்; ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் வாடிக்கையாளரிடம் காட்டி எச்சரித்து அனுப்புகிறேன்.

எனக்கு மிகப் பிடித்த மாற்றம் ஸ்கேன் ஃபோல்டர். அதை டிஸ்க்கிலிருந்து எடுத்துவிட்டு டெம்ப்எஃப்எஸ் என்ற முறையில், மின்சாரம் போனால் காலியாகிவிடும் ராம் நினைவகத்தில் வைத்தேன். எந்த ஃபோல்டர் எங்கே இருக்க வேண்டும் என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் எஃப்ஸ்டேப் ஃபைலில் ஒரே வரி, அளவு 1 ஜிபி. ஸ்கேன் செய்ததெல்லாம் அங்கே போகும். இரவு அணைத்தால் காலியாகிவிடும். ஒருநாள் பாதி விண்ணப்பத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோய், ஒரு அம்மாவின் நாலு பக்கத்தையும் மறுபடி ஸ்கேன் செய்ய நேர்ந்தது. அந்தச் சிரமம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பழைய 500 ஜிபி டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, முதலிலிருந்து கடைசி வரை சைபரால் நிரப்பினேன். இரவு தூங்கப் போகும்போது போட்டது காலையில் முடிந்திருந்தது. ஃபோட்டோரெக்கை மறுபடி ஓட்டினேன். ஒரு படம் வரவில்லை. எஸ்எஸ்டியில் இந்த வழியை நம்ப முடியாது. எழுதச் சொன்ன இடத்திலேயே அது எழுதும் என்ற நிச்சயம் இல்லை. ஆரம்பத்திலேயே பூட்டிவிட வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிஸ்க் ஒரு இரவு முழுக்க வெளியே இருந்ததை, நினைவுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. பூட்டினால் விரல் வைத்துப் பணம் எடுக்க யாராலும் முடியாது. ஆனால் ரேஷன் கடையிலும் விரல்தான் வைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டியிருக்கும். அதையும் சேர்த்தே சொன்னேன். சிலர் பூட்டினார்கள், பலர் வேண்டாம் என்றார்கள். முடிவு அவர்களுடையது. ஆதார் நகல் கேட்கிற இடத்தில் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற நகலை ஏற்றுக்கொண்டால், இப்போது அதைத்தான் இறக்கிக் கொடுக்கிறேன்.

போன வாரம் ஒரு அக்கா ஜீப்பிலிருந்து இறங்கி நேரே வந்தார். ‘தம்பி, போன வாட்டி பாஸ்புக் குடுத்தேனே, அதுல இருந்து ஒரு காப்பி எடுத்துக் குடு.’ இல்லை அக்கா, அன்று ராத்திரியே அழிந்துவிட்டது என்றேன். காலியாக இருந்த ஃபோல்டரைத் திருப்பிக் காட்டினேன். பாஸ்புக் வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றார். கிளம்புமுன் கவுண்டரில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: ‘அப்ப எம் மருமக காகிதமும் இதுல இல்லையா?’ இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.