53 வயசில ஃபேஸ்லிஃப்ற் செய்தனான், அதுக்கு முதல் நடந்ததுகள்

எனக்கு இப்ப 53 வயசு. யாழ்ப்பாணத்தில தையல் கடை வைச்சிருக்கிறன், கூடுதலா சாறிப் பிளவுஸ்தான். போன கார்த்திகையில கொழும்பில ஃபேஸ்லிஃப்ற், அதாவது தொங்கின முகத்தைத் தூக்கித் தைக்கிற ஒப்பரேசன் செய்தனான். செய்ய முதல் தமிழில, அதுவும் எங்கட பக்கத்து ஆக்கள் ஆரும் எழுதியிருக்கினமோ எண்டு தேடித் தேடிப் பாத்தனான், ஒண்டும் ஆம்பிடேல்லை. அதுதான் நான் எழுதுறன். ஒப்பரேசன் ஒரு நாள் அலுவல், அதுக்கு முதல் டொக்டரைத் தேடினதும் உடம்பைத் தயார்ப்படுத்தினதும் எட்டு மாசம்.

மூண்டு வருசத்துக்கு முதல் சீனி எல்லையில நிக்குது எண்டு சொல்லிப்போட்டினம். சோத்தைக் குறைச்சு விடியப்புறம் நடந்து 14 கிலோ குறைச்சனான். உடம்பு நல்லா வந்திட்டுது, ஆனா முகம் விழுந்து போச்சு. சொக்கையில இருந்த சதை இறங்கித் தாடைக்குக் கீழ பை மாதிரி நிண்டுது, நாடிக்குக் கீழ ரெண்டு கயிறு இழுத்துக் கட்டின மாதிரி. கடைக்கு அளவு குடுக்க வாற ஆக்கள் எல்லாரும் "ஏன் அக்கா இப்பிடி வாடிப்போனியள், ஏதும் வருத்தமே" எண்டு கேக்கத் தொடங்கிச்சினம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இருபது வருசத்தில அப்பதான் சுகமா இருந்தனான், அந்த நேரம் பாத்து எல்லாரும் வருத்தக்காரியைப் பாக்கிற மாதிரிப் பாத்ததுதான் எனக்குத் தாங்கேலாமல் இருந்தது. என்ர மனுசன் "இந்த வயசில உது என்னத்துக்கு" எண்டிட்டார். மகள்தான் "அம்மா, முதல்ல விசாரிப்பம், செய்யிறதோ விடுறதோ பேந்து பாப்பம்" எண்டவள்.

முதல் போனது இங்க கிட்டடியில ஒரு அழகு நிலையத்துக்கு. அங்க நூல் போட்டு முகத்தைத் தூக்கலாம், அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும் எண்டவை. நான் நூலோட சீவிக்கிற ஆள், என்ன நூல் எண்டு கேட்டன். உள்ளுக்கயே கரைஞ்சு போற நூலாம். அப்ப கரைஞ்சாப் பிறகு எது தூக்கிப் பிடிக்கும் எண்டு கேட்டதுக்கும் மறுமொழி இல்லை, ஊசி ஏத்திறது எந்த டொக்டர் எண்டு கேட்டதுக்கும் மறுமொழி இல்லை. முற்பணம் மட்டும் அண்டைக்கே கட்டச் சொல்லிச்சினம். எழும்பி வந்திட்டன்.

பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினது. எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொதி தண்ணி ஊத்துப்பட்டு பெரியாஸ்பத்திரியில பிளாஸ்டிக் சேர்ஜரி டொக்டர்தான் தோல் எடுத்து வைச்சவர், அதுவரைக்கும் பிளாஸ்டிக் சேர்ஜரி எண்டால் அழகுக்கு மட்டும் எண்டுதான் நானும் நினைச்சனான். எரிகாயம், துண்டுபட்ட கை, உதடு பிளவு எல்லாம் அவையின்ர வேலைதான், தோலையும் நரம்பையும் கையாளப் படிச்ச ஆக்கள். எங்கட நாட்டில அவை எம்.பி.பி.எஸ் முடிச்சு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ர பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில சத்திரசிகிச்சை படிச்சு, அதுக்கு மேல பிளாஸ்டிக் சேர்ஜரியில பயிற்சி எடுத்து போர்ட் சேட்டிஃபிக்கேற் வாங்கவேணும். இந்தியாவுக்குப் போறதெண்டால் எம்.சி.எச் அல்லது டி.என்.பி (இப்ப டொக்டர்.என்.பி எண்டு பேர்) பிளாஸ்டிக் சேர்ஜரிப் பட்டம் இருக்கோணும். "கொஸ்மெற்றிக்" எண்ட சொல்லைப் பேர்ப்பலகையில ஆரும் எழுதலாம், அதைப் பாத்து ஏமாறாதேங்கோ. டொக்டரின்ர பதிவை இலங்கை மருத்துவ சபையின்ர இணையத்தளத்தில பேரைப் போட்டுப் பாக்கலாம், மகள் ரெண்டு நிமிசத்தில பாத்துத் தந்தவள். தனியார் ஆஸ்பத்திரியளும் 2006 இல வந்த சட்டத்தின்படி பதிஞ்சிருக்கவேணும்.

கொழும்பில முதல் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிஞ்சு, பாத்த சேர்ஜன் நல்ல படிச்ச ஆள்தான், குறை சொல்ல ஏலாது, ஆனா ஏழு நிமிசம்தான் என்னோட இருந்தவர். என்ர முகத்தில கை கூட வைக்கேல்லை. வெளியில வர, கவுன்ரரில இருந்த பிள்ளை இந்தக் கிழமை கட்டினால் கழிவு எண்டவள். உடுப்புக் கடையில கழிவு விக்கலாம், என்ர முகத்தை வெட்டுறதுக்குக் கழிவெண்டால் எனக்குப் பயம்தான் வந்தது. இரவு பஸ்ஸில முழுக்க நித்திரை இல்லாமல் வந்தனான்.

அடுத்தவரைச் சொன்னது மச்சாளின்ர சிநேகிதி ஒராள், தியேட்டர் நேர்ஸ். "ஆற்ற கை திறம் எண்டு தியேட்டருக்குள்ள நிக்கிற எங்களுக்குத்தான் தெரியும்" எண்டு சொல்லித் தந்தவ. இவர் சிங்கள டொக்டர், எனக்குச் சிங்களம் காணாது, மகளைக் கூட்டிக்கொண்டு போனன். அவர் என்னைக் கதிரையில இருத்தி, கையில கண்ணாடியைத் தந்து, எது உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு விரலால தொட்டுக் காட்டச் சொன்னவர். பிறகு கேள்வி கேக்கத் தொடங்கினார், முக்கால் மணித்தியாலம். நிறை ஆறு மாசமா ஒரே அளவில நிக்குதோ, ஏன் எண்டால் பேந்தும் மெலிஞ்சால் திருப்பித் தொங்குமாம். சொந்தத்தில ஆருக்கும் காயம் தடிச்சு வந்ததோ எண்டு கேட்டு, என்ர இடது கையில பி.சி.ஜி ஊசித் தழும்பைத் தடவிப் பாத்தவர், காது குத்தின ஓட்டையைப் பின்னால திருப்பிப் பாத்தவர், சிசேரியன் தழும்பையும் கேட்டவர். எங்கட நிறத்து ஆக்களுக்குத் தழும்பு தடிக்கிறது கூடவாம். என்ர தங்கச்சிக்குக் காதில ரெண்டாவது ஓட்டை குத்தி உருண்டையா வந்தது எனக்கு அப்பதான் ஞாபகம் வந்து சொன்னன், அதை எழுதி வைச்சவர்.

என்ன செய்யேலாது எண்டதையும் அவரேதான் சொன்னவர். தாடையும் கழுத்தும் நல்லா வரும், மூக்கடியில இருந்து வாய்க்கு இறங்கிற கோடு கொஞ்சம்தான் குறையும், உதட்டுக்கு மேல உள்ள சின்னக் கோடுகள் போகாது, கண் இமை வேற ஒப்பரேசன். தோலை மட்டும் இழுத்துத் தைச்சால் காத்தில நிக்கிற முகம் மாதிரி வருமாம், காதுச் சோணையும் கீழ இழுபடுமாம். தோலுக்குக் கீழ ஸ்மாஸ் எண்டு ஒரு படை இருக்காம், 1976 இல ரெண்டு பிரெஞ்சு டொக்டர்மார் அதைப் பற்றி எழுதினாப் பிறகுதான் இந்த ஒப்பரேசனே மாறினதாம், அந்தப் படையைத் தூக்கித் தைச்சு மேல தோலை இறுக்காமல் சும்மா படிய விடுறதாம். மகள் மொழிபெயர்க்க முதலே எனக்கு விளங்கிட்டுது. பிளவுஸில லைனிங்கில பாரத்தைக் குடுத்துத் தைச்சால்தான் மேல் துணி சுருங்காமல் வடிவா விழும், மேல் துணியை இழுத்துத் தைச்சால் தையல் கிழியும். முப்பது வருசமா நான் செய்யிற வேலை. அந்த இடத்திலதான் இவரிட்டயே செய்யிறது எண்டு மனசு வைச்சிட்டன்.

அதுக்காகக் கேள்வி கேக்காமல் விடேல்லை. வருசத்தில எத்தினை செய்யிறனீங்கள், முழுக்க நீங்களே வெட்டித் தைப்பியளோ, மயக்க டொக்டர் ஆர், நடுச்சாமத்தில ரத்தம் கட்டினால் ஆர் வருவினம். கடைசிக் கேள்விக்கு "நான் வருவன், வீடு இருபது நிமிசம்" எண்டவர். எங்கட நிறத்து ஆக்களின்ர படம், காது தெரியிற மாதிரி, ஒரு வருசம் கழிச்சு எடுத்தது கேட்டன், காட்டினவர். படம் பாக்கேக்க ஒண்டைக் கவனியுங்கோ, செய்ய முதல் எடுத்த படத்தில தலை குனிஞ்சும், செய்த பிறகு எடுத்ததில நாடியை உயர்த்தி நேர வெளிச்சம் அடிச்சும் இருந்தால் அது ஒப்பரேசனின்ர வேலை இல்லை, படக்காரன்ர வேலை. காசு எவ்வளவு எண்டு இதில எழுதேல்லை, ஆளுக்கு ஆள் மாறும். சேர்ஜன், மயக்கம், தியேட்டர், வாட், மருந்து, திருப்பித் தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால் என்ன எண்டு எல்லாம் பிறிம்பாப் பிறிம்பா எழுத்தில வாங்குங்கோ.

ஆனா அண்டைக்கு அவர் திகதி தரேல்லை. என்ர பிறசர் 150க்கு 95 நிண்டுது. இந்த ஒப்பரேசனில கூடுதலா வாற பிரச்சினை தோலுக்குக் கீழ ரத்தம் கட்டுறதுதானாம், அதுவும் முதல் 24 மணித்தியாலத்தில, பிறசர் கூடினால் அது கூடும். ஊருக்குப் போய்க் குளிசை எடுத்துக் கட்டுப்படுத்திக்கொண்டு வாங்கோ எண்டிட்டார். சிகரெட் பத்திறனீங்களோ எண்டு கேட்டவர், இல்லை எண்டன். வெத்திலை போடுறனீங்களோ எண்டார். நான் ஒண்டும் பறையாமல் இருந்தன். அம்மாவிட்ட இருந்து வந்த பழக்கம், மத்தியானம் சாப்பிட்டாப் பிறகு வெத்திலை, பாக்கு, ஒரு துண்டு போயிலை. புகைச்சாலும் சப்பினாலும் போயிலையில இருக்கிற நிக்கொட்டின் நிக்கொட்டின்தான், சின்ன ரத்தக் குழாயளைச் சுருக்கிப்போடும், காதுக்குப் பின்னால தோல் கறுத்துச் செத்துப் போகும் எண்டு படத்தோட காட்டினவர். ஆகக் குறைஞ்சது நாலு கிழமைக்கு முதல் விடவேணும், பிறகும் நாலு கிழமை, நிக்கொட்டின் ஒட்டுற பிளாஸ்ரரும் கூடாது. நான் ரெண்டரை மாசத்துக்கு முதலே விட்டனான். முதல் பத்து நாளும் மெசினில இருந்தால் கை தன்ரபாட்டில வெத்திலைத் தட்டத்தைத் தேடும். கராம்பும் ஏலக்காயும் வாயில போட்டுச் சமாளிச்சனான், அந்தத் தட்டத்தைப் பெரியம்மா வீட்டில கொண்டுபோய்க் குடுத்திட்டன்.

கனடாவில இருந்து அக்கா அனுப்பிற மீனெண்ணெய்க் குளிசை, விற்றமின் ஈ, உள்ளிக் குளிசை எல்லாத்தையும் ரெண்டு கிழமைக்கு முதல் நிப்பாட்டச் சொன்னவர், ரத்தம் உறையிறதைக் குழப்புமாம். சமையலில போடுற உள்ளி பரவாயில்லை. அஸ்பிரின், இபுபுறுஃபன் மாதிரி நோக் குளிசையளும் கூடாது, ஆனா இதய வருத்தத்துக்கு அஸ்பிரின் எடுக்கிற ஆக்கள் தங்கட டொக்டரைக் கேக்காமல் நிப்பாட்டிப் போடாதேங்கோ, அது உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனை, ரத்தம் உறையிற நேரம், ஈசிஜி, மூண்டு மாசச் சீனி பாக்கிற எச்பிஏ1சி எல்லாம் இங்க யாழ்ப்பாணத்திலயே செய்து கொண்டு போனனான்.

திகதியை நான்தான் பாத்து எடுத்தனான். தழும்பில வெயில் பட்டால் கறுக்கும், அதால நல்லூர்த் திருவிழா 25 நாளும் முடியட்டும் எண்டன், பிறகு தீபாவளி ஓடர், கார்த்திகை மாரி எண்டால் வெயிலும் இல்லை. முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைச்ச ஹவுஸ்கோட் நாலு எனக்கு நானே தைச்சன், தலைக்கு மேலால ஒண்டும் போட ஏலாது. ஒரு கிழமைக்கு முதல் மயிருக்கு டை அடிச்சனான், பிறகு கனநாளுக்கு அடிக்கேலாது. மயிரை வெட்டேல்லை, காதடியை மறைக்க வேணும். ரெண்டு தலகணி வைச்சு நிமிர்ந்து படுத்துப் பழகினன், நான் சரிஞ்சு படுக்கிற ஆள் எண்டபடியால் அது ஒரு மாசம் எடுத்தது. வெள்ளவத்தையில மச்சாள் வீட்டில ரெண்டு கிழமை தங்க ஒழுங்கு செய்தம், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட நிக்கோணும், உடன இரவு பஸ் ஏறி ஊருக்கு வாற யோசினை ஆருக்கும் வேண்டாம்.

சம்மதப் படிவம் சிங்களத்திலயும் இங்கிலீசிலயும்தான் இருந்தது. தமிழில விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டன், கோவிக்காமல் தமிழ் மயக்க டொக்டர் பிள்ளை ஒராள் வந்து பக்கம் பக்கமா வாசிச்சுச் சொன்னவ. முக நரம்பு பாதிக்கலாம், காது விறைக்கலாம், ரத்தம் கட்டினால் திருப்பித் திறக்கவேணும், எல்லாம்.

ஒப்பரேசன் அண்டு ஆறு மணித்தியாலத்துக்கு முதல் சாப்பாடு நிப்பாட்டு, தண்ணி ரெண்டு மணித்தியாலத்துக்கு முதல். தோடு, மூக்குத்தி, காப்பு எல்லாம் கழட்டியாச்சு. தாலிக்கொடியும் கழட்டச் சொன்னவை. கலியாணம் கட்டி 27 வருசத்தில அதை ஒரு நாளும் கழட்டினதில்லை, என்ர கை கொளுவியைத் திறக்கேல்லை, இவர்தான் பின்னால நிண்டு திறந்து, லேஞ்சியில சுத்தி, சேட்டுப் பொக்கற்றில வைச்சு மேல கையை வைச்சுக்கொண்டு நிண்டவர். உது என்னத்துக்கு எண்டு கேட்ட மனுசன். வாயே திறக்கேல்லை.

டொக்டர் வந்து என்னை நேர இருத்தி வைச்சு ஊதா மாக்கரால கோடு போட்டவர், படுத்தால் சதை காதுப் பக்கம் சரிஞ்சு கோடு பிழைச்சுப் போகுமாம். காதுக்கு முன்னால இறங்கி, சோணையைச் சுத்தி, பின்னால மயிருக்குள்ள போற கோடு. நான் சோக்கால துணியில போடுற மாதிரி ஒரே இழுவை, திருப்பி அழிக்கேல்லை. அதைப் பாக்க மனசு ஆறிச்சுது.

நாலு மணித்தியாலம் எடுத்ததாம். காதுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ரத்தம் வடியக் குழாய், தலையைச் சுத்திக் கட்டு. நோவு நினைச்ச அளவு இல்லை, வீக்கமும் கண்டலும்தான் பயங்கரம், மூண்டாம் நாள் கண்ணாடி பாத்து அழுதிட்டன், டொக்டர் முதலே சொன்னதுதான் எண்டாலும் அழுகை வந்தது. ஒரு பக்கம் மட்டும் திடீரெண்டு வீங்கி இறுகினால் எந்த நேரமெண்டாலும் உடன வா எண்டவர், மச்சாள் முதல் ரெண்டு இரவும் லைற் அடிச்சு ரெண்டு சொக்கையையும் மாறி மாறிப் பாத்தவ. கஞ்சியும் சொதியில ஊறவைச்ச இடியப்பமும்தான் சாப்பாடு. முன்பக்கத் தையல் ஆறாம் நாள், பின்பக்கம் பத்தாம் நாள் வெட்டினவை.

இப்ப ஆறு மாசம். தாடைக் கோடு திருப்பி வந்திருக்கு, வாய்க்குப் பக்கத்துக் கோடு அவர் சொன்ன மாதிரியே கொஞ்சம் இருக்கு. வருத்தமே எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. இடது காதுச் சோணை மட்டும் இன்னும் விறைப்பு, ஒரு வருசம் எடுக்கலாம் எண்டவர். தைப்பொங்கலுக்குத்தான் முதல் முறை தோடு போட்டுப் பாத்தனான், வலது பக்கம் கை தன்ரபாட்டில போட்டுது, இடது பக்கம் சுரை இறுகினதோ எண்டு தெரியேல்லை, மகளைக் கூப்பிட்டு இறுக்குவிச்சன்.