பிரெட்னிசோலோன்: ஏறுவது சுலபம், இறங்குவதுதான் பாடு

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்த இரண்டு மூன்று நாளிலேயே மூட்டு வீக்கம் வடிந்துவிடும், பசியும் அள்ளிக்கொண்டு வரும். பாடெல்லாம் டோஸைக் குறைக்கும்போதுதான்.

மூன்று நாலு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் மாத்திரையும் இல்லை, சொந்தக் கார்டிசாலும் இல்லை. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

எப்படிக் குறைப்பது என்பது நோய்க்கு நோய் மாறும், டாக்டர்தான் எழுதித் தரவேண்டும். டோஸ் அதிகமாக இருக்கும்போது 5 மி.கி. வீதம் வேகமாக இறங்கலாம். தினம் 10 மி.கி.க்குக் கீழே அந்த வேகம் ஆகாது. 40-ல் 5 குறைந்தால் எட்டில் ஒரு பங்கு. 10-ல் அதே 5 குறைந்தால் பாதியே போய்விட்டது. உடம்பு இயல்பாகச் சுரப்பதே கிட்டத்தட்ட 5 மி.கி.க்குச் சமம்தான். அதனால் மாதம் 1 மி.கி. என்று போவதும் உண்டு. 1 மி.கி. மாத்திரை கிடைக்காதவர்களுக்கு ஒருநாள் 10, மறுநாள் 7.5 என்று எழுதித் தருவார்கள். நடுவில் கோடு போட்ட மாத்திரையைத்தான் உடைக்கலாம். குடலில் கரையும் மேல்பூச்சு உள்ளதை உடைக்கக் கூடாது.

குறைத்த சில நாளில் உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி வலித்து, ஓரிரு வாரத்தில் அடங்கினால் பெரும்பாலும் அது ஸ்டீராய்டு இறங்கும் வலி. பழைய மூட்டிலேயே வீக்கமும் காலை விறைப்பும் நாளுக்கு நாள் ஏறினால் நோய் திரும்புகிறது என்று சந்தேகப்படணும். டோஸ் மாற்றிய தேதியைக் குறித்து வைக்காவிட்டால் இந்த வித்தியாசமே பிடிபடாது.

மாத்திரை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. மாலையில் போட்டால் தூக்கம் போச்சு. ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும், வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மதியத்துக்கு மேல்தான் அது ஏறும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைச் சேர்த்துப் போட்டால் வயிற்றுப்புண் வரும் ஆபத்து பல மடங்கு கூடும்.

காய்ச்சல் வந்தால் குறைப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்கணும். பெரும்பாலும் டோஸைக் கூட்டச் சொல்வார்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லையா, ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசிக்கு உடனே ஆஸ்பத்திரி போகணும்.

5 மி.கி.க்கு வந்ததும், அட்ரினல் மறுபடி சுரக்கிறதா என்று பார்க்க, காலை எட்டு மணிவாக்கில் கார்டிசால் ரத்தப் பரிசோதனை எழுதலாம். அன்றைய மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகுதான். முன்னாலேயே போட்டுவிட்டால், பல பரிசோதனை முறைகள் பிரெட்னிசோலோனையும் கார்டிசால் என்றே கணக்கில் சேர்த்துவிடும்.