அம்புக்குறி போட்ட துப்பறிவாளர்

மலர்க் குழுவினர் கல்லூரி நினைவுகளைக் கேட்டிருக்க, நான் சிக்காகோப் பத்திரிகையில் வந்த ஒரு துப்பறியும் படக்கதையைப் பற்றி எழுதுவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் எங்கள் சித்திர ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் கற்றுத்தந்தவை எனக்கு மிக அதிகமாகப் பயன்பட்டது, 1984ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், ஞாயிறுதோறும் டிக் ட்ரேசி என்ற அந்தப் படக்கதையைப் பார்த்துச் சிரிப்பதற்குத்தான்.

என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் நம் கல்லூரியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த அண்ணா. ஞாயிறு காலையில் வண்ணப் பக்கங்களைத் தரையில் விரித்துவைத்து, மஞ்சள் தொப்பியும் மஞ்சள் மேலங்கியும் அணிந்து, செங்கல் போன்ற தாடையோடும் கழுகு மூக்கோடும் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே காட்சிதரும் அந்தத் துப்பறிவாளரின் உடலுறுப்புகளை இருவரும் எண்ணத் தொடங்குவோம். கை வரையத் தெரியாதவன் ஆளின் கையைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துவிடுவான் என்று சித்திர ஆசிரியர் சொல்வார். இங்கே அந்த அடக்கம்கூட இருக்கவில்லை. வாழைச்சீப்புப் போன்ற விரல்கள் துப்பாக்கியைப் பற்றியிருக்கும். அந்தக் கைக்குரிய தோளைத் தேடிக்கொண்டு போனால், அது சில வேளை பக்கத்தில் நிற்பவரிடம் போய் முடியும். அப்போது அதை வரைந்துகொண்டிருந்த டிக் லாக்கர், அரசியல் கேலிச்சித்திரத்துக்காக 1983இல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயர்ந்த விருதான புலிட்சர் பரிசு பெற்றவர் என்பது எங்களுக்குப் பின்னரே தெரியவந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் நாங்கள் சிரிப்பைக் குறைத்திருக்க மாட்டோம்.

பிறகு அண்ணா நூலகத்திலிருந்து பழைய தொகுப்புகளை எடுத்துவந்தார். 1931 ஒக்டோபர் 4ஆம் திகதி இக்கதையைத் தொடங்கி 1977 இறுதிவரை தாமே நடத்திய செஸ்டர் கூல்டின் படங்களைக் கண்டதும்தான் எங்களுக்கு உண்மையான விருந்து கிடைத்தது. மேசைபோலத் தட்டையான தலையுடைய கொலைகாரன் ஒருவன். உலர்ந்த பழம்போல முகம் சுருங்கியவன் இன்னொருவன். எப்போதும் ஈ மொய்த்துக்கொண்டிருக்கும் முகத்தோடு வேறொருவன். 1964இல் தலையில் கொம்புகளோடு நிலாவிலிருந்து ஒரு பெண் வந்து, அதே ஆண்டில் ட்ரேசியின் வளர்ப்பு மகனையே மணந்துகொண்டாள். கொலை வழக்குகளுக்கு நடுவில் இந்தச் சம்பந்தத்தை யார் பேசி முடித்தார்கள் என்று அண்ணா நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றிலும் எங்களை வீழ்த்தியவை அம்புக்குறிகள். 1946இல் ட்ரேசியின் மணிக்கட்டுக்கு ஒரு வானொலி வந்து சேர்ந்தது. அதில் அவர் பேசவும் செய்வார், கேட்கவும் செய்வார். வாயருகே கையை உயர்த்திப் பேசும் மனிதனைப் பார்த்தாலே விளங்கும் அல்லவா? கூல்ட் அதை நம்பவில்லை. கட்டத்துக்குள் ஓர் அம்பை இழுத்து, 'இருவழி மணிக்கட்டு வானொலி' என்று எழுதிவைத்தார். ஒரு முறை எழுதியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தவளையின் ஈரலுக்குக் கோடு போட்டுப் பெயர் எழுதாவிட்டால் புள்ளியே தராத எங்கள் விலங்கியல் ஆசிரியரிடம் இவர் படித்திருந்தால் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பார் என்று நான் சொன்னேன். அண்ணா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, லாக்கரின் ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் தெரிவது அவசரம் என்றும், கூல்டிடம் இருப்பது பிடிவாதம் என்றும் தீர்ப்புச் சொன்னார். அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு முறை, சிக்காகோவுக்கு வடமேற்கே கூல்ட் வாழ்ந்த வூட்ஸ்டொக் நகரின் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் அப்போது இயங்கிவந்த ட்ரேசி அருங்காட்சியகத்துக்கு இருவரும் சென்றோம். குற்றம் கண்டுபிடிக்கும் ஆவலோடு, கூல்டின் படங்களை மூடியிருந்த கண்ணாடியருகே குனிந்த நாங்கள், அந்தக் கறுப்பு மையின் அடர்த்தியைப் பார்த்துச் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். பிறகு அண்ணா, நாம் நிற்கும் இடத்துக்கும் ஓர் அம்புக்குறி போட்டிருக்கலாம் என்றார்.

இப்போது அவர் டொரொன்டோவில் இருக்கிறார். என் பிறந்தநாளுக்கு அவர் அனுப்பும் அட்டையில் ஆண்டுதோறும் என் முகத்தைப் பக்கவாட்டில் வரைந்து, ஓர் அம்பு போட்டு, 'மூக்கு' என்று எழுதியிருக்கும்.