இரண்டே தாள்கள்

அமெரிக்காவில் 1912இல் அறிமுகமாகி 1973 வரை தயாரிக்கப்பட்ட ஸ்பீட் கிராஃபிக் என்னும் பத்திரிகைக் கேமராவை இன்றும் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களில் நானும் ஒருவன். ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்கக் கொடி நடப்பட்ட காட்சியை 1945இல் ஜோ ரோசென்தால் பதிவுசெய்ததும் இவ்வகைக் கேமராவில்தான். இதன் தனிச்சிறப்பு, ஃபிலிமுக்குச் சற்று முன்னால், கேமராவின் உடலுக்குள்ளேயே ஓடும் துணித்திரை ஷட்டர்; அதனால், தனக்கென ஷட்டர் இல்லாத பழைய பித்தளை லென்ஸையும், இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து வேவுப்படம் எடுக்கப் பயன்பட்ட ஏரோ எக்டார் லென்ஸையும்கூட இதில் பொருத்தி, 4க்கு 5 அங்குல ஃபிலிம் தாளில் படமெடுக்க முடிகிறது. ஃபிலிமைப் பொதிந்து கேமராவில் செருகும் ஒரு ஹோல்டரில் இரண்டே தாள்கள். ஃபிலிமை வெளிச்சம் படாமல் மூடியிருக்கும் மறைப்புத் தகட்டை உருவ மறந்து, வெற்றுத் தாளைக் கழுவிய நாள்களும் உண்டு (எத்தனை என்று கேட்காதீர்கள்). ஆயினும், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, மங்கிய கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் முகத்தை மெல்லக் கூர்மைப்படுத்தும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே மறுபடியும் தாள் வாங்குகிறேன்.