தலைகள் சாயும் நேரம்

படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்காவது வரிசையில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் சாய்கிறது.

திரையில் திருப்பம் எதுவும் இல்லை. சப்டைட்டிலின் கீழ்வரி முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான்.

சிற்றூர்த் திரைவிழாவுக்குப் பெரும்பாலும் சமதளத் தரை மண்டபம்தான் வாய்க்கும். நாற்காலியில் அமர்ந்தவரின் உச்சந்தலை சுமார் 4 அடிக்கு மேல் வரும். திரையின் கீழ்விளிம்பு அதற்கும் கீழே தொங்கினால் பின்வரிசைக்காரர் பாதி வசனத்தை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

திரையை ஏற்றினால் மட்டும் போதாது. ஒன்றுவிட்டு ஒரு வரிசையை அரை நாற்காலி அளவு நகர்த்திப் போடுங்கள். இரண்டு தலைகளுக்கு நடுவே பார்வை போகும்.

ஏற்றவே வழியில்லையா? படத்தைச் சிறிதாக்கி மேலே தள்ளுங்கள். பிரம்மாண்டத்தைவிட, படிக்க முடிவது முக்கியம்.

ஒலியும் இப்படித்தான் ஏமாற்றும். காலி மண்டபத்தில் கணீரென்று கேட்டது, ஆள் நிறைந்ததும் அமுங்கிவிடும். உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். படம் ஓடும்போதே ஒருவர் கடைசி வரிசையில் நின்று வசனம் புரிகிறதா என்று கேட்டு, அளவைக் கூட்டச் சொல்ல வேண்டும்.

அந்த ஒருவர் இயக்குநராக இருக்கக் கூடாது. அவருக்கு வசனம் மனப்பாடம்.