தடைக்காலத்தில்தான் ஆள் கிடைப்பார்கள்

அண்ணன் தற்கொலை செய்துகொண்டதை வீட்டில் நெஞ்சுவலி என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள். அம்மா இன்னும் அப்படித்தான் சொல்கிறார், நான் சண்டை போடுவதில்லை. ஆனால் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மீனவர்களிடம் தற்கொலைத் தடுப்பு பற்றிப் பேசும்போது தற்கொலை என்றே சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், கையில் காசு இருக்காது, வட்டி மட்டும் ஓடும். வலைக் கிழிசலைச் சரிசெய்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். மேடை, மைக் எல்லாம் வேலைக்கு ஆகாது.

முதலில் அவர்கள் கேட்பது, தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகுமா என்று. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்கக் கூடாது, அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. அப்புறம் இன்னொரு பயம்: "கேட்டா நாமளே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆயிடாதா தம்பி?" ஆகாது. "சாகணும்னு தோணுதாண்ணே?" என்று நேராகவே கேட்கலாம்.

14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் தொலைந்துவிடுகிறது, அதனால் போனிலேயே பதிந்து கொடுக்கிறேன். ஒருவர் வீட்டில் தெரியக்கூடாதென்று 'ஐஸ் கம்பெனி' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார். சரி, போட்டுக்கொள்ளட்டும்.