அம்மாவின் தொழில்: டேப்பர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்கு மாறுகிறவர்களுக்கான ரிமூவ் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தாயார் தொழில் என்ற இடத்தில் 'டேப்பர்' என்று எழுதச் சொன்னான் பக்கத்தில் இருந்த, தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மகன். எழுதிவிட்டேன். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். இதில் டேப் எங்கே வந்தது?

நூலகத்து அகராதியைப் புரட்டினேன். டேப் (tap) என்றால் லேசாகத் தட்டுவது என்றிருந்தது. அம்மா மரத்தைத் தட்டுவதில்லையே! கீழே தண்ணீர்க் குழாய் என்றும் போட்டிருந்தது. நாங்கள் இருந்த தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் அதற்குப் பைப்பு என்றுதான் பெயர்.

ஆங்கில ஆசிரியையிடம் கேட்டேன். அன்று அவர் சொன்னதால்தான் எனக்குச் சொற்களின் மேல் ஆசையே பிறந்தது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டு சொற்களாம். தட்டுகிற டேப் பழைய பிரெஞ்சு வழி வந்தது. மற்றது பழைய ஆங்கிலச் சொல். பீப்பாயின் துளையை அடைக்கும் முளைக்குப் பெயர். முளையைப் பிடுங்கினால் மது ஒழுகும். அப்படித்தான் அடைப்பின் பெயர் குழாய்க்கு வந்தது, உள்ளே இருப்பதைத் திறந்து எடுக்கும் வேலைக்கும் வந்தது. டெலிபோனை ஒட்டுக்கேட்பதும் அந்த டேப்தான். பீப்பாய் திறந்து மது ஊற்றிய பெண்ணை அந்தக் காலத்தில் டேப்ஸ்டர் என்றார்களாம்.

நமக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில்தான், 1877-இல் சிங்கப்பூர் வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 நடப்பட்டன. பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் இருந்த ரிட்லி, 1890-களில், வெட்டிய கோட்டையே மெல்லச் சீவித் திரும்பத் திறக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

அந்த விடுமுறையில் அம்மாவோடு, அவர் பால் வெட்டும் மர வரிசையான நிரைக்குப் போனேன். விடிந்தும் விடியாத நேரம். உளியை வைக்குமுன், பழைய கோட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நாடா மாதிரி உருவினார். "இத எடுக்காட்டி பால் எறங்காதுடா, அடைச்சிக்கிட்டு நிக்கும்" என்றார். அப்புறம் பட்டையைச் சீவ, பால் கோட்டில் வழிந்து மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. பீப்பாய் முளை என்று ஆசிரியை சொன்னதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

காற்றில் சாய்ந்த ஒரு மரத்தின் ஆணிவேர் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. இங்கிலீஷில் அதுவும் டேப்ரூட், பீப்பாய் முளை மாதிரியான வேர்தான் என்றேன்.

"அவங்களும் ஆணின்னுதான் சொல்றாங்களா?" என்று நின்று கேட்டார். பிறகு ஒட்டுப்பாலைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.